மேலே இருந்த அட்டை

மைக் கரகரன்னு இழுத்துட்டு அடங்கிச்சு. ஹெட்மாஸ்டர் பேச ஆரம்பிச்சிட்டாரு. அவரு பேச்சு எனக்குப் புரியப்போறதில்ல, புரிஞ்சாலும் கேக்கிற நிலைமையில நான் இல்ல. நான் பாக்கிறது முதல் வரிசையை. பிள்ளைங்க செம்மண் தரையில நெருக்கியடிச்சு உக்காந்திருக்குதுங்க, ஒண்ணு மடியில இன்னொண்ணு ஏறாத குறை, ஆனா நடுவுல ஒரு இடம் மட்டும் காலியாக் கிடக்கு. அது யாமிகானி உக்காருற இடம். ஒன்பது வயசுப் பிள்ளை, பச்சை யூனிஃபார்ம், தோள்பட்டையில ஒரு கிழிசல், அதைக் கருப்பு நூலால யாரோ தச்சுக் குடுத்திருப்பாங்க. யாரோ என்ன யாரோ, அவ அம்மாதான். அந்த அம்மா நேத்து மத்தியானம் செத்துப்போயிட்டாளாம். காலைல ரொட்டியை டீயில முக்கிக்கிட்டு இருக்கேன், பண்டா சார் வந்து சொன்னாரு. அஞ்சாங்கிளாஸ் வாத்தியாரு, நாங்க இங்கிலீஷ்ல சொல்லுறதை இவங்க பாஷையில பிள்ளைங்களுக்குச் சொல்லுறது அவருதான். தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு, "மேடம், யாமிகானியோட தாயார் தவறிட்டாங்க, இன்னைக்கி சாயங்காலம் அடக்கம்"னாரு. முக்கின ரொட்டி டீக்குள்ளேயே விழுந்துட்டு. நான் கரண்டியால அதை எடுக்கவா விடவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மனுசி செத்திருக்கா, நான் ரொட்டியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

திருநெல்வேலியில இருந்து ஆப்பிரிக்காவுல இந்த மலாவிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் பாட்டும் கதையும் வசனமும் சொல்லிக்குடுக்க, ஊழியப் பயணம்னு கிளம்பி வந்தோம். இன்னைக்கி எங்களுக்கு வழியனுப்பு விழா. மே மாசம், நம்ம ஊர்ல மண்டையைப் பிளக்கும், இங்க குளிரு, சோளக்கொல்லையில அறுத்துப்போட்ட தட்டை மேல காலைப் பனி இன்னும் காயல. குழுவுல எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன், சேலைக்கு மேல அதைப் போட்டுக்கிட்டு நான் சாக்கு மூட்டை கணக்கா மண்மேடையில உக்காந்திருக்கேன். பக்கத்துல எங்க குழுத்தலைவர் ஆசீர் நவராஜ், முப்பத்தஞ்சு வயசு, எப்பவும் சிரிச்ச முகம். காலைல நான் அவன்கிட்ட கேட்டேன், "தம்பி, அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமா?" கேக்கும்போதே எனக்குத் தெரியும் அவன் என்ன சொல்லுவான்னு. "ஆன்ட்டி, விழா முடிஞ்ச கையோட வேன் கிளம்பணும், லிலோங்வே போய் பிளைட்டைப் பிடிக்கணும்லா. நாம இங்க இருந்தே பாரத்தோட ஜெபிப்போம்"னான். சரிப்பான்னுட்டேன். சரின்னு சொன்ன நிமிசம் நெஞ்சுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அப்பாடா, போக வேண்டாம், அந்த மூஞ்சியைப் பாக்க வேண்டாம்னு. அந்த நிம்மதிதான் இப்ப என்னைக் கிடந்து அரிக்குது. அவன் மேல பழியைப் போட்டுட்டு நான் தப்பிச்சுக்கிட்டேன். ஒரு தடவை, நான் போயே தீருவேன்னு அழுத்திச் சொல்லியிருந்தா அவன் என்ன, கட்டியா போட்டுருப்பான்? ஆண்டவரே, இந்த ஹெட்மாஸ்டர் பேசி முடிக்கட்டும், வேன் வரட்டும், அந்தப் பிள்ளை வரதுக்குள்ள நான் போயிருறேன். இதையா ஜெபம்னு சொல்லுதேன் நான்? சீ.

அந்தப் பிள்ளையை நான்தான் கெடுத்தேன். யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். மூணாம் நாளு வாக்குத்தத்த அட்டை குடுத்தோம். நம்ம ஊர்ல புது வருசத்துக்கு எடுப்போம்லா, அதே மாதிரி, சின்னச் சின்ன அட்டையில இங்கிலீஷ்ல ஒரு வசனம், இந்த வருசம் ஆண்டவர் உனக்குச் சொல்லுறது இதுதான்னு. அட்டை எல்லாம் எங்க வீட்டுப் பனையோலைப் பெட்டியில, எழுத்துப் பக்கம் கீழ பாத்தாப்ல. கண்ணை மூடு, ஜெபம் பண்ணு, ஒண்ணு எடு. பிள்ளைங்க வரிசையா வந்துதுங்க. இந்த ஊருப் பிள்ளைங்க பெரியவங்ககிட்ட எதை வாங்கினாலும் முட்டி போட்டு, ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டு "சிகோமோ"ன்னு சொல்லும். நன்றின்னு அர்த்தம். தண்ணி ஊத்தினா சிகோமோ, பென்சில் குடுத்தா சிகோமோ, கதையைச் சொல்லி முடிச்சா அதுக்கும் சிகோமோ. கொஞ்ச நேரத்துலேயே எனக்கு ஒண்ணு பிடிபட்டுட்டு. ஒரு பிள்ளையும் பெட்டிக்குள்ள துழாவாது. நம்ம பிள்ளைங்கன்னா கையை விட்டு அடி ஆழம் வரைக்கும் கலக்கிரும். இதுங்களுக்கு அது மரியாதைக் குறைவு. மேல இருக்கிறதை எடுத்துட்டு எந்திரிச்சிரும். யாமிகானி வரிசையில பின்னால நிக்கா. அவ அம்மாவுக்கு வயித்துல கட்டி, எந்திரிச்சு நிக்க முடியாதுன்னு பண்டா சார் முந்தின நாளே சொல்லியிருந்தாரு. என் கையில அப்ப ஒரு அட்டை இருந்துச்சு, கீழ விழுந்ததை எடுத்தது, திருப்பிப் பாத்தேன், சுகம் தருவேன்னு சொல்லுற வசனம். நான் யோசிக்கலன்னு சொன்னா பொய். யோசிச்சேன். நல்லா யோசிச்சேன். பாவம் பிள்ளை, அதுக்கு வேற என்ன இருக்கு, ஒரு ஆறுதல் கிடைச்சுட்டுப் போகட்டுமேன்னு, அவ முட்டி போட்டுக் கண்ணை மூடினதும் அந்த அட்டையை மேல வச்சேன். எடுத்தா. பண்டா சார் வாசிச்சு அர்த்தம் சொன்னாரு. மொத்தக் கிளாஸும் கை தட்டுச்சு. அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே, நானே ஆஸ்பத்திரியில இருந்து மருந்து கொண்டாந்து குடுத்த மாதிரி. சிகோமோன்னா. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப.

இதுல கொடுமை என்னன்னா, இதே வேலையை எனக்கு ஒருத்தி செஞ்சா, அவகிட்ட நான் இன்னைக்கி வரைக்கும் பேச்சில்ல. வசந்தபாய் மதினி. எங்க வீட்டுக்காரரோட அக்கா. போன வருசம், புது வருசத்தன்னைக்கிக் காலைல வீட்டு ஜெபம். எங்க வீட்டுக்காரரு, அவுக ஏற்கனவே படுக்கையில, கிட்னி போச்சு, மூஞ்சி கை எல்லாம் வீங்கி, மோதிரத்தைக் கூட சோப்பு போட்டுக் கழட்டி வச்சிருந்தோம். மதினி இதே ஓலைப்பெட்டியைக் கொண்டு வந்து நீட்டினா. "எடுடி புஷ்பம்." எடுத்தேன். சுகத்தைப் பத்தின வசனம். நான் அந்த இடத்துலேயே உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். அட்டையை அவுக தலைமாட்டுல ஒட்டி வச்சேன். வாறவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டினேன், டாக்டர்கிட்ட கூடக் காட்டினேன், அந்த மனுசன் வாசிச்சுட்டு, நல்லதும்மான்னாரு. அவுகளை அடக்கம் பண்ணி மூணாம் நாள் ஜெபத்துக்கு வீடு நிறைய ஆளு, சமையல்கட்டுல நானும் மதினியும் மட்டும். காப்பி வடிகட்டிக்கிட்டே அவ திடீர்னு அழுதுக்கிட்டே சொல்லுதா, "என்னைய மன்னிச்சிருடி, உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நான்தான் அந்த அட்டையை மேல வச்சேன், நீ எப்பவும் மேல இருக்கிறதைத்தான எடுப்ப." கையில இருந்த தம்ளரைக் கீழ வச்சேன். அவளைப் பாத்தேன். வெளிய வந்துட்டேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் கோயில்ல பாத்தா மறு பக்கத்து பெஞ்சு, கல்யாண வீட்டுல பாத்தா மறு பந்தி. இந்தப் பயணத்துக்குக் கிளம்பையில ஒரு டப்பா முந்திரிக்கொத்து செஞ்சு எங்க குழுவுல உள்ள பெனிட்டா கையில குடுத்து விட்டிருக்கா. நான் ஒண்ணு கூட வாயில வைக்கல. எல்லாத்தையும் இந்தப் பிள்ளைங்களுக்கே குடுத்துட்டேன். யாமிகானி பாதியைக் கடிச்சுட்டு மீதியைப் பைக்குள்ள போட்டா. என்னடின்னு சைகையில கேட்டேன். "அமாயி"ன்னா. இவங்க பாஷையில அம்மாவுக்கு அதான் பேரு. அதுக்கு ஒருத்தர் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கல. மதினி கையால பிடிச்ச முந்திரிக்கொத்து, எங்கேயோ ஒரு பொம்பளை சாகுறதுக்கு முன்னால தின்னிருப்பாளோ என்னமோ.

கை தட்டுதாங்க. ஹெட்மாஸ்டர் உக்காந்துட்டாரு. இப்ப பிள்ளைங்க பாட்டு. பெனிட்டா முன்னால போய் நின்னு கையை மேல தூக்குதா, பிள்ளைங்களும் தூக்குதுங்க, அசைவுப் பாட்டு, நாங்க சொல்லிக்குடுத்ததுதான். ஒரு வாரத்துல என்னமா பாடுதுங்க, எங்களை விட நல்லா, ரெண்டு குரலு பிரிச்சு. மேகம்னா மேல கை, மழைன்னா விரலு, இருதயம்னா நெஞ்சு. அந்தக் காலி இடத்துக்கு ரெண்டு பக்கத்துலயும் உள்ள பிள்ளைங்க கையை வீசும்போது அந்த இடத்துல படாம வீசுதுங்க, அவ உக்காந்திருக்கிற மாதிரியே. நேத்து மத்தியானம் இதே பாட்டு முடிஞ்சதும் ஆசீர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "இந்த வாரம் கர்த்தர் உங்களுக்குச் செய்ததை யாராவது சாட்சியாச் சொல்லுறீங்களா?"ன்னான். நாலைஞ்சு பிள்ளைங்க கூச்சப்பட்டுச்சு. பெனிட்டா யாமிகானி கையைப் பிடிச்சு எழுப்பி விட்டா. அவ வந்தா. மைக் அவ மூஞ்சிக்கு எட்டல, ஆசீர் குனிஞ்சு பிடிச்சான். எங்க அம்மாவுக்குச் சுகம் வருது, எனக்கு வாக்கு வந்திருக்குன்னு சொன்னதா பண்டா சார் சொன்னாரு. அட்டையைப் பையில இருந்து எடுத்து எல்லாருக்கும் காட்டினா. மூலை மடங்கி, சோளமாவு ஒட்டி. ஆமென்னு நாங்க எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். வாய் திறந்து சத்தமாச் சொன்னேன். மத்தியானம். நேத்து மத்தியானம். வெயில் சுள்ளுன்னு அடிச்சு, தகரக் கூரை டப்பு டப்புன்னு வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த நேரம்தான் அங்க உயிரு போயிருக்கு. அட்டை வரலன்னா இந்த வாரம் பூரா அவ வீட்டுல இருந்திருப்பா, அம்மா பக்கத்துல உக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருந்திருப்பா. எப்பவும் அவ அப்படித்தான், பாதி நாளு பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டான்னு பண்டா சார் சொல்லியிருந்தாரு. அட்டை கிடைச்சதுக்கு அப்புறம்தான் ஒரு நாளும் தவறாம வந்தா. இனி என்ன பயம்னுட்டு வந்திருக்கா.

எனக்குத் தெரியாதா அது. அந்த ஞாயித்துக்கிழமை நானும் அப்படித்தான போனேன். ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது, நர்ஸு பொண்ணு, "அம்மா, இன்னைக்கி எங்கேயும் போகாதீங்க"ன்னு சொல்லுது. நான் கேக்கல. கோயில்ல முன்கூட்டியே விசுவாசத்தோட சாட்சி சொல்லிட்டா காரியம் முடிஞ்ச மாதிரின்னு எங்க ஜெபக்குழுவுல ஒரு பழக்கம். கிடைக்கிறதுக்கு முன்னாலேயே கிடைச்சாச்சுன்னு எல்லார் முன்னாலயும் அறிக்கை பண்ணிரணும். அவுக காதுல குனிஞ்சு, "ஒரு எட்டு போயிட்டு வந்துருறேன், சாட்சி சொல்லணும்லா"ன்னேன். அவுக என் சேலை முந்தியைப் பிடிச்சிருந்தாக. வீங்கின விரலு. நான் அதை ஒவ்வொண்ணா விடுவிச்சேன். விடுவிச்சேன். மைக் முன்னால நின்னு, என் கணவருக்குப் பூரண சுகம் கிடைச்சாச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னேன், சபையே ஆமென்னு சொல்லிச்சு, அங்க அவுக யாரும் பக்கத்துல இல்லாம போயிட்டாக. இருந்தது நர்ஸு பொண்ணு ஒண்ணுதான். கடைசியா என் பேரைச் சொன்னாகளான்னு அதுகிட்ட கேட்டேன். அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு. சாவு வரத்தான் போகுது, வந்துட்டுப் போகட்டும், அதுக்கு மதினி என்ன செய்வா. ஆனா அந்தக் கடைசி நேரம் என்னுடையது. அதை அந்த அட்டை பிடுங்கிக்கிட்டு. அதுக்குத்தான் எனக்கு மதினி மேல ஆத்திரம். அவ்வளவு ஆத்திரம் வச்சிருந்தவ, அவ்வளவு பட்டவ, அதே பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கடல் தாண்டி வந்து, அதே அட்டையை, அதே மாதிரி. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும். பைத்தியம் எல்லாம் ஒண்ணுமில்ல, அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பாத்தேன், வச்சேன். மதினியும் என் மூஞ்சியைப் பாத்துதான் வச்சிருப்பா. சவம், அது மட்டும் இப்பப் புரிஞ்சு என்ன செய்ய?

இப்ப எங்களுக்கு மரியாதை செய்யுறாங்க. ஒவ்வொருத்தர் தோள்லயும் ஒரு துணி, இந்த ஊருப் பொம்பளைங்க இடுப்புல சுத்திக்கிற பூப்போட்ட துணி, போத்துதாங்க. என் மேல சிவப்பும் மஞ்சளுமா ஒண்ணு விழுது. புதுத்துணி வாசம். ஆசீர் எந்திரிச்சு எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு, நம்ம யாமிகானியோட தாயாரைக் கர்த்தர் தம்மண்டையில சேத்துக்கிட்டாருன்னு ஆரம்பிக்கான். பண்டா சார் அதைச் சொல்லையில பிள்ளைங்க தலையை ஒண்ணு போல குனியுதுங்க. ஆசீர் கண்ணை மூடி ஜெபிக்கான். நல்ல ஜெபம்தான், குறை சொல்லக் கூடாது, குரல் கூட உடையுது. நான் கண்ணை மூடல. அந்தப் பிள்ளை இப்ப என்ன நினைச்சுக்கிட்டு இருக்கும்? ஆண்டவர் பொய் சொல்லிட்டாருன்னு நினைக்குமா? இல்ல, அதுக்கு அந்த யோசனையே வராதா? ஒன்பது வயசுதான. மறந்துரும். எது மறக்கும், எனக்கு மறந்துச்சா? உண்மையைச் சொல்லிட்டா நல்லதோ? சொன்னா என்ன ஆகும், கர்த்தர் மேல இருக்கிற நம்பிக்கையும் போயிரும், பிள்ளைக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். சொல்லாம விட்டா? சொல்லாம விட்டா நான் வேன்ல ஏறிருவேன், பிளைட்ல சாப்பாடு குடுப்பான், ஊருக்குப் போய் சபையில மைக் முன்னால நின்னு, ஆப்பிரிக்காவுல கர்த்தர் செய்த அற்புதங்கள்னு பேசுவேன். மதினி மறு பக்கத்து பெஞ்சுல உக்காந்து கேப்பா. மதினி அன்னைக்கி என்கிட்ட சொன்னாளே, சொல்லாம இருந்திருக்கலாம்லா. சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் சொன்னா? அவளுக்குப் பாரம் தாங்கல, அதை இறக்கி என் தலையில வச்சுட்டான்னுதான் இத்தனை நாளும் நினைச்சேன். அப்ப நான் சொன்னாலும் அதுதான. என் பாரத்தை இறக்கி அந்தப் பிள்ளை தலையில வைக்கிறது. வேண்டாம். சொல்ல வேண்டாம். ஆமென். எல்லாரும் ஆமென் சொல்லிட்டாங்க, நான் பிந்திச் சொன்னேன்.

நிமிந்து பாத்தா வாசல் பக்கத்து வேலியை ஒட்டி ரெண்டு பேரு வாராங்க. ஒரு பொம்பளை, தலையில கருப்புத் துணி கட்டி. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு யாமிகானி. பள்ளிக்கூட யூனிஃபார்ம் இல்ல, பெரியாளு சட்டை ஒண்ணு, முட்டி வரைக்கும் தொங்குது. கர்த்தாவே, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா, வேன் நின்னுக்கிட்டு இருக்கே, டிரைவர் கதவைக் கூடத் தொறந்து வச்சிருக்கானே. பிள்ளைங்க விலகி வழி விட்டுச்சு. அவ தன் இடத்துல போய் உக்காருவான்னு பாத்தேன், உக்காரல. நேரா மேடைக்கு வந்தா. என் நாற்காலிக்கு முன்னால முட்டி போட்டா. அழலை. கண்ணு மட்டும் வீங்கியிருந்துச்சு. ரெண்டு கையையும் நீட்டினா, உள்ளங்கையில அந்த அட்டை. என்னமோ சொன்னா, சின்னக் குரல்ல, கிளாஸ்ல பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. பண்டா சார் பக்கத்துல வந்து நின்னு தொப்பியைக் கழட்டினாரு.

"என்ன சொல்லுதா சார்?"

"கூட வந்திருக்கிறது இவளோட சித்தி, இவ காலையில இருந்து பிடிவாதமா இருக்கா, அடக்கத்துக்கு முன்னால இதைத் திருப்பிக் குடுத்தே ஆகணும்னு." அட்டையைக் கை காட்டினாரு. "இந்த அட்டை இவளுக்குள்ளது இல்லையாம். வேற யாருக்கோ வர வேண்டியதை இவ தெரியாம எடுத்துட்டாளாம். கண்ணைச் சரியா மூடலையாம், லேசாத் தொறந்து பாத்தாளாம். அதனாலதான் அம்மா செத்துட்டாங்கன்னு சொல்றா. யாருக்குள்ளதோ அவங்ககிட்ட குடுத்துருங்க, அவங்க வீட்டுல யாராவது சீக்கா இருந்தா நல்லாயிரும்னு சொல்றா."

ஐயோ. ஐயோ, என் பிள்ளையே. இதை நான் நினைக்கவே இல்லையே. ஆண்டவரைக் குத்தம் சொல்லும், என்னைக் குத்தம் சொல்லும்னு எல்லாம் நினைச்சேன், தன்னையே சொல்லிக்கிடும்னு நினைக்கலையே. ராத்திரி பூரா அம்மா பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து, கண்ணைத் தொறந்தேனே, கண்ணைத் தொறந்தேனேன்னு இருந்திருக்கு. ஆசீர் என் பக்கமாக் குனிஞ்சு, "ஆன்ட்டி, வாங்கிக்கிட்டுத் தலையில கை வச்சு ஒரு சின்ன ஜெபம் பண்ணிருங்க, வேனுக்கு நேரமாச்சு"ன்னு காதுல சொல்லுதான். செய்யலாம். அது லேசு. அட்டையை வாங்கிப் பைக்குள்ள போட்டுட்டு, தலையில கை வச்சு, நாலு வார்த்தை ஜெபம். பிள்ளை சிகோமோ சொல்லிட்டுப் போயிரும். சாகுற வரைக்கும் தான்தான் அம்மாவைக் கொன்னோம்னு இருக்கும். நான் நாற்காலியை விட்டு இறங்கினேன். இறங்கி, அவளுக்கு எதிர்ல, மண்ணுல, நானும் முட்டி போட்டேன். பிள்ளைங்க கூட்டத்துல ஒரு சலசலப்பு, பெரியவங்க இங்க பிள்ளைங்க முன்னால முட்டி போட மாட்டாங்க போல.

"பண்டா சார், நான் சொல்லுறதை அப்படியே சொல்லுங்க. நீ எந்தத் தப்பும் பண்ணல. நீ கண்ணைத் தொறந்தாலும் ஒண்ணுதான் மூடினாலும் ஒண்ணுதான். அந்த அட்டை தானா வரல. நீ வரும்போது நான்தான் அதை எடுத்து மேல வச்சேன்."

பண்டா சார் பிள்ளையை ஒரு தடவை பாத்தாரு. "மேடம், இதைச் சொல்லணுமா? இன்னைக்கா?"ன்னாரு, மெதுவா.

"ஆன்ட்டி, வேண்டாம்"னு ஆசீர் என் தோள்ல கை வச்சான். அந்தப் புதுத்துணி நழுவிக் கீழ விழுந்துச்சு. "சும்மா இருப்பா. கடவுள் செய்யல, நான் செஞ்சேன்னு சொல்லுங்க சார். நான் செஞ்சதுக்கும் அவ அம்மா செத்ததுக்கும் சம்பந்தம் கிடையாதுன்னு சொல்லுங்க. அவ அம்மா பக்கத்துல இருக்க வேண்டிய நேரத்துல அவளை இங்க வரவச்சது நானு, அதையும் சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க." எனக்குக் குரல் ஏறிட்டு. அழுதேன்னு நினைக்கேன்.

அவரு அவ பக்கத்துல குந்தி உக்காந்து சொன்னாரு. நீளமாச் சொன்னாரு, பாதியில நிறுத்தி மறுபடியும் சொன்னாரு, பெட்டியைக் கையால வரைஞ்சு காட்டினாரு, மேல வைக்கிற மாதிரிக் காட்டினாரு. அவ என்னையே பாத்துக்கிட்டுக் கேட்டா. முதல்ல நெத்தி சுருங்கிச்சு. அப்புறம் தோள்பட்டை ரெண்டும் லேசா இறங்கிச்சு, இத்தனை நேரமும் அவ அதைத் தூக்கிப் பிடிச்சிருந்தது அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. ஒரு நிமிசம் கூட இல்ல. அவ கண்ணு மாறிச்சு. அது மாறுறதை நான் பாத்தேன். கிட்டத்துல இருந்த கண்ணு எங்கேயோ தூரத்துக்குப் போய் அங்க இருந்து என்னைப் பாத்துச்சு. சமையல்கட்டுல தம்ளரைக் கீழ வச்சுட்டு நான் மதினியைப் பாத்தேனே, இதுதான் அது. இத்தனை நாளும் நான் எப்படிப் பாத்தேன்னு எனக்குத் தெரியாது, மதினிக்குத்தான் தெரியும். இதைத் தாங்கிக்கிட்டா அவ முந்திரிக்கொத்து செஞ்சா?

யாமிகானி ஒண்ணு கேட்டா. சின்னதா. பண்டா சார் என்னைப் பாக்காம தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "அப்படின்னா, உண்மையில எனக்கு வந்திருக்க வேண்டிய அட்டை எதுன்னு கேக்குறா."

அதுக்கு அடியில இருந்த அட்டை. நான் அமுக்கிப் பிடிச்சிருந்த அட்டை. எது அது? அடுத்த பிள்ளைக்குப் போயிருக்கும். எந்தப் பிள்ளை? என்ன வசனம்? நான் பாக்கவே இல்ல. துக்கத்துல ஆறுதல் சொல்லுறதா இருந்திருக்கலாம், கூடவே இருப்பேன்னு சொல்லுறதா இருந்திருக்கலாம், அம்மா பக்கத்துலேயே இருடின்னு அவளுக்குச் சொல்ல வந்ததா கூட இருந்திருக்கலாம். என்னமோ ஒண்ணு அவளுக்குன்னு வந்துச்சு, நான் கையை வச்சு மறைச்சிட்டேன்.

"தெரியாதும்மா"ன்னேன், தமிழ்ல. அதுக்கு பண்டா சார் அர்த்தம் சொல்லல, அவளும் அவரைப் பாக்கல. அட்டையை என் கையில வைக்கல, எனக்கும் அவளுக்கும் நடுவுல மண்ணுல வச்சா. எந்திரிச்சா. முட்டியில ஒட்டின செம்மண்ணைத் தட்டி விட்டா. சித்தி கையைப் பிடிச்சுக்கிட்டு வேலியை ஒட்டி நடந்து போனா. வேன் டிரைவர் ஹாரன் அடிச்சான். நான் அவ முதுகையே பாத்துக்கிட்டு இருந்தேன், இப்பத் திரும்பிச் சொல்லுவா, வாசல்ல போயாவது சொல்லுவான்னு. தண்ணி ஊத்தினதுக்குக் கூடச் சொல்லுற பிள்ளை, சிகோமோ சொல்லலை.